தெம்புசுவின் காலடியில் நான்கு நாள்

முதல் நாள், மாலை

சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சை நிறத் தாளின் பின்பக்கம் ஒரு மரம் இருக்கும். அது ஓவியர் கற்பனையில் வரைந்ததல்ல. தாவரவியல் பூங்காவில் லான் ஈ என்று பெயரிட்ட புல்வெளியில் இன்றும் நிற்கிற தெம்புசு மரம். அந்த நோட்டு 1999-இல் வெளிவந்தது. மரத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்று கணிக்கிறார்கள். பூங்கா தொடங்கிய ஆண்டு 1859. அதற்கு முன்பே இந்த மரம் இங்கே இருந்தது என்பதுதான் பூங்காக்காரர்களின் கணக்கு.

எப்படிப் போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பலரும் தடுமாறுவது இங்கேதான். பூங்காவின் பெயரிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம் இருப்பதால் எல்லோரும் அங்கே இறங்குகிறார்கள். அது வடக்கு முனை, புக்கிட் தீமா வாசல். பூங்கா வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. மரம் இருப்பது தெற்குப் பக்கம். வடக்கு வாசலில் நுழைந்தால் இரண்டு கிலோமீட்டர் போல ஏறி இறங்கி நடக்க வேண்டும். மரத்தை அடையும்போது சட்டை நனைந்து, கூட வந்த பெரியவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் நேப்பியர் நிலையத்தில் இறங்குங்கள். தாங்ளின் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து பத்து நிமிடம் போல நிதானமாக நடந்தால் மரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 5 மணி முதல் இரவு 12 வரை திறந்திருக்கும். பணம் கேட்பது உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்.

மாலை நாலரைக்குப் போனோம். நண்பகலில் போனால் சூரியன் உச்சியில் நின்று மரத்தின் முழு உருவத்தையும் தட்டையாக்கிவிடும். நாலரைக்குமேல் வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் பட்டையின் ஆழம் தெரியும். தெம்புசுவின் பட்டை கருத்த பழுப்பு. நீளவாக்கில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து பிளந்து இருக்கும். உழுதுவிட்டு மழைக்குக் காத்திருக்கிற கரிசல் நிலத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தது போல. பக்கத்திலேயே நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தின் பட்டையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

எல்லோரும் படம் எடுப்பது அந்தக் கிளையைத்தான். அடிமரத்திலிருந்து புறப்பட்டு, தரையை ஒட்டினாற்போல் படுக்கையாக வெகுதூரம் ஓடி, பிறகு நுனியில் நிமிர்கிறது. நோட்டில் இருப்பதும் அதுவே. பல தலைமுறைக் குழந்தைகள் அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மரத்தைச் சுற்றி வேலி. வேலியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதனால் வேலி எதற்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கிளை. படுக்கையான கிளை என்பது ஒரு முனை மட்டும் சுவரில் செருகிய உத்திரம். மேல்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நெருக்குப்படுகிறது. இப்படிப்பட்ட மரங்கள் கிளையின் மேல்பக்கத்தில் ஒரு தனி வகைக் கட்டையை வளர்த்து, கயிறு கட்டி இழுப்பது போலக் கிளையைத் தூக்கிப் பிடிக்கின்றன. அந்த ஏற்பாடு கிளையின் சொந்த எடைக்கும் இலைக்கும் மழைநீருக்கும் போட்ட கணக்கு. எழுபது கிலோ ஆள் அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பாரம். அதே ஆள் ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிளை புறப்படும் இடத்தில் விழும் வளைப்பு ஆறு மடங்கு. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மண். கிளையைவிட இது பெரிய விஷயம், ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. மரத்துக்குச் சத்தும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், முழங்கை ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. கிளைகள் விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டியும் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான பாதங்கள் தினமும் அதே இடத்தில் மிதித்தால் மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேறி, மண் செங்கல்போல இறுகிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும். மூச்சு விட முடியாத வேர் நுனிகள் சாகும். செத்த வேரில் பூஞ்சை ஏறும். இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் உச்சிக் கிளைகளில் இலை குறைவதாக நமக்குத் தெரியும். அப்போது பார்த்து உரம் போடுவது நோயாளி மயங்கிய பிறகு சோறு ஊட்டுவது மாதிரி.

வேலிக்கு உள்ளே தரையைக் கவனியுங்கள், வெளியே உங்கள் காலடித் தரையையும் கவனியுங்கள். மழை பெய்து அரை மணி கழித்துப் போனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மிதிபடாத இடத்தில் நீர் இறங்கியிருக்கும். மிதிபட்ட தடத்தில் குட்டை குட்டையாகத் தேங்கியிருக்கும். ஊரில் கோயில் அரசமரத்தடியில் சிமெண்ட் மேடை கட்டி, அடிமரம்வரை டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மண்ணைத் தேற்ற வழி உண்டு. வேலியிட்டு மிதிப்பதை நிறுத்துவது முதல் வேலை. பிறகு உதிர்ந்த இலையையும் மரச்சீவலையும் நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்புகிறார்கள். இதில் நடக்கும் தவறு, சீவலை அடிமரத்தின் மேல் மலைபோலக் குவித்து வைப்பது. பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து அழுகிவிடும். அடிமரத்தைச் சுற்றி ஒரு முழமாவது வெறுந்தரையாக விட வேண்டும்.

மரத்தின் உயரத்தை நீங்களே அளக்கலாம். பூங்காவின் கணக்கு ஏறத்தாழ 30 மீட்டர். ஒரு ஏ4 தாளை எடுத்து, குட்டை விளிம்பு நீள விளிம்போடு சேரும்படி மூலைவாட்டில் மடித்து, மிச்சத்தைக் கிழித்துச் சதுரமாக்கி, மறுபடி முக்கோணமாக மடியுங்கள். இப்போது ஒரு மூலை செங்கோணம், மற்ற இரண்டும் 45 பாகை. ஒரு விளிம்பைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, நீளமான சரிந்த விளிம்பின் வழியே கண்ணை வைத்துப் பாருங்கள். மரத்தின் உச்சி அந்தக் கோட்டில் வரும்வரை பின்னால் நடங்கள். நின்ற இடத்திலிருந்து அடிமரம் வரை உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். கண் ஒன்றரை மீட்டரில் இருந்தால் 30 மீட்டர் மரத்துக்கு இருபத்தெட்டரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முக்கால் மீட்டர் எட்டாக 38 எட்டு.

வேலி இருப்பதால் அடிமரம்வரை நடக்க முடியாதே என்றால், வேலிக்கு வெளியே பக்கவாட்டில் நடந்து அதன் அகலத்தை எட்டுகளால் அளந்து பாதியாக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். மரம் வேலியின் நடுவில் இல்லையென்று தோன்றினால் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். நிழலை வைத்து அளக்கும் பள்ளிக்கூட முறை இங்கே சரிவராது. இவ்வளவு விரிந்த மரத்தின் நிழல் நுனி உச்சியின் நிழலாக இராது, ஏதோ ஒரு பக்கக் கிளையின் நிழலாக இருக்கும். தரை சரிவாக இருந்தாலும் கணக்கு கெடும். அடிமரத்தோடு சமமட்டத்தில் நிற்கும் திசையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வயதை மட்டும் இப்படி அளக்க முடியாது. குளிர்நாட்டு மரங்களை வெட்டினால் ஆண்டுக்கு ஒரு வளையம் எண்ணலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த ஊரில் ஆண்டு முழுதும் மழை, ஆண்டு முழுதும் சூடு. மரம் வளர்ச்சியை நிறுத்தி மறுபடி தொடங்கும் பருவமே தெளிவாக இல்லை. ஆகவே சுற்றளவு, பழைய படங்கள், ஆவணங்கள், அந்த இனம் வளரும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பழைய மரத்தின் வயதை யாராவது ஒற்றை ஆண்டு துல்லியமாகச் சொன்னால், நட்ட நாள் எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாம் நாள், விடிகாலை

இன்று காடு. பூங்காவின் நடுவே ஆறு ஹெக்டேர் அளவில் ஒரு மழைக்காடு உண்டு. நட்டு வளர்த்ததல்ல. 1859-இல் நிலத்தைத் திருத்திப் பூங்கா அமைத்தபோது வெட்டாமல் விட்ட துண்டு. பனைப் பள்ளத்தாக்கை ஒட்டிய பக்கத்தில் நுழையலாம். பாதையை மட்டும் நடந்து முடிப்பதென்றால் இருபது நிமிடம் போதும். பார்த்து நடக்க ஒன்றரை மணி ஒதுக்குங்கள்.

ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏழு மணியளவில்தான். அந்த நேரத்தில் துடுப்புவால் கரிச்சான் பாதையோரக் கிளையில் உட்கார்ந்து மற்ற பறவைகளின் குரலை மாற்றி மாற்றிப் பேசும். வெளிப் புல்வெளியில் காட்டுக்கோழிச் சேவல் குஞ்சு குடும்பத்தோடு மேயும். ஒன்பதரைக்கு மேல் ஓட்டக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு விரட்டி, விரல் மூடிய செருப்போ ஷூவோ, சின்னக் குடை. நனைந்த பலகைப் பாதை வழுக்கும். குறிப்பாக நிழல் விழும் திருப்பங்களில் பாசி படிந்திருக்கும். காட்டுக்குள் இருட்டு என்பதால் கேமராவில் ஃப்ளாஷ் போடத் தோன்றும். போடாதீர்கள். இலையின் ஈரம் எல்லாம் வெள்ளைப் புள்ளியாகி, படம் கெட்டுவிடும்.

ஜெலுத்தோங் மரத்தைத் தேடிப் பாருங்கள். தேடுவது என்றால் மேலே அல்ல. உச்சியைப் பார்த்தால் இலைக்கூட்டம் மட்டுமே. நேரான, தூண்போன்ற அடிமரம் ஒன்று கிளையே இல்லாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தால் அதாக இருக்கலாம், பலகையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். கீறினால் பால் வரும். அந்தப் பாலைத்தான் ஒருகாலத்தில் சூயிங்கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள்.

அடிமரத்திலிருந்து பலகைபோலத் தட்டையாகப் புறப்படும் வேர்களைப் பார்ப்பீர்கள். பலகை வேர். மழைக்காட்டு மண்ணில் சத்தெல்லாம் மேலாக, உதிர்ந்த இலை மக்கும் அடுக்கில்தான். ஆழத்தில் தேடிப் போய் லாபமில்லை. ஆணிவேர் ஆழமாக இறங்காத மரம் ஐம்பது மீட்டர் உயரத்தில் எப்படி நிற்கும்? பக்கவாட்டில் அண்டை கொடுத்துத்தான். பந்தக்கால் சாயாமல் இருக்க முட்டுக்கால் கொடுப்பதே இது. பலகை வேரில் கையால் தட்டி ஒலி கேட்கும் பழக்கம் சிலருக்கு. பாதையிலிருந்து இறங்காமல் எட்டும் தூரத்தில் இருந்தால் மென்மையாகத் தொடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பறவைக்கூட்டுப் பெரணி கிளைக்கவட்டில் கூடைபோல உட்கார்ந்திருக்கும். அழகுதான். ஆனால் அந்தக் கூடை மேலிருந்து விழும் இலைகளை ஏந்தி மக்கச் செய்து, மழையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. காய்ந்த நாளில் இருப்பதைவிட மழை நாளில் அதன் எடை பல மடங்கு. அதனாலும்தான் மழை நின்ற உடனே, காற்றே இல்லாதபோதும் கிளைகள் முறிந்து விழுவதைக் காண்கிறோம். மழை விட்டதும் ஓடிப்போய் மரத்தடியில் நிற்பது சரியான யோசனை அல்ல.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 11 அன்று இதே பூங்காவில் ஒரு தெம்புசு அடியோடு சாய்ந்தது. நோட்டில் இருக்கும் மரம் அல்ல, இன்னொன்று. 40 மீட்டர் உயரம், 270 வயதுக்கு மேல் என்று கணித்த பாரம்பரிய மரம். இந்தியாவிலிருந்து வந்து இங்கே வாழ்ந்த ஒரு பெண் இறந்தார். இன்னும் சிலர் காயப்பட்டார்கள். இலை பச்சையாகத்தான் இருந்தது. அழுகல் இருந்தது மண்ணுக்கடியில், வேரில்.

பழைய மரத்தைப் பரிசோதிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் கண். அடிமரத்தின் காலடியில் காளான் முளைத்திருக்கிறதா, மண் புதிதாகப் பிளந்திருக்கிறதா அல்லது ஒருபக்கம் மேடாகியிருக்கிறதா, பட்டையில் நீள வெடிப்பா, உச்சியில் இலை மெலிந்ததா. பிறகு ரப்பர் அல்லது மரச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியான இடம் சுருக்கமாக ஒலிக்கும், பொக்கை முரசுபோல அதிரும். சந்தேகம் வந்தால் அடிமரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி ஒலி எவ்வளவு வேகத்தில் கடக்கிறது என்று அளந்து உள்ளே எங்கே பொக்கை என்று படம் வரைவார்கள். ஊசிபோல மெல்லிய துரப்பணத்தை இறக்கி, கட்டை எங்கெங்கே தடை கொடுக்கிறது என்று பதிவு செய்வதும் உண்டு. இவை எல்லாம் தண்டைத்தான் நன்றாகக் காட்டும். தண்டுக்குத் தள்ளி, மண்ணுக்குள்ளே ஓடும் வேர்களில் இருக்கும் அழுகல் இவற்றிடமிருந்தும் தப்பிவிடும். வேலியையும் மிதிக்காத மண்ணையும் பற்றி நேற்று அவ்வளவு சொன்னது இதனால்தான்.

சாதாரணமாக வருபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது நேரம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்று என்று ஒன்று வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்கிலிருந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென வீசி, ஒன்றிரண்டு மணியில் ஓய்ந்துவிடும். மைஎன்வி செயலியில் மழை ரேடாரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேற்கில் நீளமான பட்டையாகச் சிவப்பும் மஞ்சளும் நகர்ந்து வந்தால் காட்டுக்குள் போகாதீர்கள். உள்ளே இருக்கும்போதே இடி கேட்டால் கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடிக்கு வேண்டாம். பாரம்பரிய மரங்கள் பலவற்றில் உச்சியிலிருந்து தரைவரை செம்புக் கம்பி இறங்குவதைக் கவனித்தால் பார்க்கலாம். இடிதாங்கி. அது மரத்தைக் காக்க, கீழே நிற்பவரைக் காக்க அல்ல.

பாரம்பரிய மரம் என்ற பட்டம் 2001-இல் தொடங்கிய திட்டத்தின்படி கிடைப்பது. பொதுவாகச் சுற்றளவு 5 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இனத்தின் அருமை, வரலாறு, மக்களோடு உள்ள உறவு ஆகியவற்றையும் பார்க்கிறார்கள்.

இந்தக் காட்டோடு ஒரு குரங்குக் கதையும் சேர்ந்திருக்கிறது. உயரத்தில் இருக்கும் பூவையும் இலையையும் பறித்து ஆராய வழியில்லாதபோது, கார்னர் என்ற தாவரவியலாளர் 1930களில் மலாயாவின் கிளந்தானிலிருந்து தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரோக் குரங்குகளை வரவழைத்தார். கழுத்தில் நீளமான கயிறு, கீழிருந்து மலாய் மொழியில் கட்டளை. குரங்கு மேலேறிச் சொன்ன கிளையை ஒடித்துப் போடும். மரத்தை வெட்டாமல் மாதிரி எடுக்க அதைவிடச் சிறந்த வழி அன்று இல்லை.

மூன்றாம் நாள்

டயர்சால் அவென்யூ சாலைக்கு மறுபுறம் கற்றல் காடு. 2017-இல் திறந்தது. முன்பு சதுப்பாக இருந்த இடத்தை மீட்டு நன்னீர்ச் சதுப்புக் காடாக ஆக்கியிருக்கிறார்கள். பலகைப் பாதை சமதளம் என்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும். வயதானவர்களோடு வருகிறவர்கள் மழைக்காட்டை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

'ராட்சதர்களின் நடைபாதை' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு பகுதி இங்கே இருக்கிறது. பாதை தரையிலிருந்து 8 மீட்டர் வரை உயர்கிறது. பெயரைக் கேட்டு வானுயர்ந்த மரங்களை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். இருப்பவை இளமரங்கள். துவாலாங் போன்று மிக உயரமாக, எண்பது மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய இனங்கள் இப்போது நம் தோளுக்கும் தலைக்கும் எட்டும் உயரத்தில் இலை விடுகின்றன. இதுதான் இந்த இடத்தின் சிறப்பு. பெருங்காட்டில் இந்த இலைகளைத் தொலைநோக்கியில் பார்ப்பதே அரிது. இங்கே நரம்பு எண்ணிப் பார்க்கலாம்.

மெராந்தி, செராயா என்று அழைக்கும் காட்டு மரங்களின் விதைக்கு இறக்கை உண்டு. காய் உதிரும்போது பம்பரம்போலச் சுழன்று இறங்கும். அந்த விதையைச் சேமித்து வைக்க முடியாது. விழுந்த சில நாளிலேயே முளைக்கும், இல்லையென்றால் செத்துவிடும். அத்தோடு இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுதும் ஒரே காலத்தில் பூத்துக் கொட்டும். பன்றியும் அணிலும் தின்று தீர்க்க முடியாத அளவு ஒரே நேரத்தில் விழுந்தால்தான் சில விதைகள் மிஞ்சும். ஆகவே நாற்று வேண்டுமென்றால் அந்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

கீழே விழுந்த இறக்கை விதையைப் பையில் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுக்கும். பூங்காவில் விதை, இலை, பூ எதையும் எடுப்பதற்குத் தடை. படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விடுங்கள்.

நான்காம் நாள்

மலேசியத் தமிழர் வீடுகளில் ரப்பர் மரத்தை யாரும் ரப்பர் மரம் என்று சொல்வதில்லை. பால்மரம். அந்தப் பால்மரம் மலாயாவுக்குள் பரவிய கதை இந்தப் பூங்காவில்தான் தொடங்குகிறது. பிரேசிலிலிருந்து 1876-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு விதைகள் போயின. அங்கே முளைத்ததில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. சில இங்கே நிலைத்தன, சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின.

1888-இல் பூங்காவின் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் செப்பம் செய்தார். அதற்கு முன் பிரேசில் காடுகளில் கோடாரியால் கொத்தித்தான் பால் எடுப்பது வழக்கம். காயம் மூடாமல் மரம் நோய்ப்பட்டுப் போகும். ரிட்லி முறையில் பட்டையைக் காகிதம்போல மெல்லியதாகச் சீவ வேண்டும். ஒரு சீவல் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். மறுமுறை அதே வெட்டின் கீழ் விளிம்பில் சீவினால் பால் மறுபடி வரும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான, கண்ணாடித் தாள்போன்ற ஒரு அடுக்கு இருக்கிறது. மரம் பருப்பது அந்த அடுக்கால்தான். கத்தி அதைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாகத் திரண்டு, அடுத்த சுற்றில் அங்கே வெட்டவே முடியாமல் போகும்.

வெட்டு இடது மேலிலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். காரணம், பால் குழாய்கள் நேராக ஏறாமல் லேசாக வலதுபக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். நேரமும் முக்கியம். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். ஆகவே விடிகாலையில் வெட்டினால் பால் ஓடும். வெயில் ஏறியபின் வெட்டினால் சொட்டும். தோட்டங்களில் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டியிருந்ததற்கு மூலகாரணம் இந்த மரத்தின் உடல்வாகு. மங்கு என்னும் கிண்ணத்தில் பால் நிறைந்தபின், வெட்டில் காய்ந்து ஒட்டியதை மறுநாள் உரித்தெடுத்தால் அது ஒட்டுப்பால். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாகக் கப்பலேறியவர்களின் விரல்கள் அந்த ஒரு மில்லிமீட்டரை விளக்கு வெளிச்சத்திலேயே அறிந்திருந்தன. ரிட்லியின் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் அந்த விரல்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பூங்காவில் இன்றும் ரப்பர் மரங்கள் உண்டு. பெயர்ப்பலகையைத் தேடுவதைவிட இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று இலை. கீழே பழுப்புப் புள்ளியிட்ட வழவழப்பான விதை கிடந்தால் அதேதான். காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையை வெகுதூரம் எறியும்.

பால்மரத்தின் பட்டையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு மாலையில் மறுபடி தெம்புசுவிடம் போனோம். ஒருமுறை மட்டும் பார்ப்பவர்கள் நோட்டின் படத்தையே பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டாம் முறை அடிமரத்தைப் பாருங்கள். பழைய மரங்களில் பெயர் செதுக்கியிருப்பார்கள். எழுத்தின் ஓரம் உதடுபோலத் தடித்து இருபுறமும் மூட முயன்றிருக்கும். அந்த ஈர அடுக்கைக் கத்தி தொட்ட இடம் அது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, புதுக் கட்டையால் மூடிப் பூட்டுகிறது. உள்ளே வெட்டு அப்படியே இருக்கும். மரத்தைச் சுற்றி முழுவதும் செதுக்கிவிட்டால், இலையில் செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மரமே பட்டுப்போகும்.

தெம்புசு மெதுவாக வளரும். கட்டை கனம், கறையான் எளிதில் ஏறாது. அதனால்தான் இந்தப் பகுதியில் வீட்டுத் தூணுக்கும் வெட்டுப்பலகைக்கும் அதைத் தேடினார்கள், அதனால்தான் பெரியவை குறைந்தும் போயின. பழம் பட்டாணியளவு, செம்மஞ்சள் நிறம், நமக்குக் கசக்கும். வௌவாலுக்குப் பிடிக்கும்.

மே, ஜூன் மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பர் வாக்கிலும் பூக்கும். ஆண்டுக்கு ஆண்டு சில வாரம் முன்பின் ஆகும். பூ வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக மாறும். பகலில் வந்தால் புல்வெளியில் உதிர்ந்ததை மட்டும் பார்ப்பீர்கள். ஏழு மணிக்கு இருட்டத் தொடங்கும்போது வேலியின் காற்று வீசும் பக்கமாக அல்ல, காற்று போகும் பக்கமாக நில்லுங்கள். பேச்சை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம். முதலில் ஈர மண் வாசம் வரும், பிறகு புல். அதற்குப் பின் மரமல்லிபோல, அதைவிடக் கொஞ்சம் கனமாக ஒரு வாசம் தலைக்குமேலிருந்து இறங்கி வரும். அதுதான் தெம்புசு. தாங்ளின் வாசலை நோக்கித் திரும்பி நடக்கும்போது பாதிவழிவரை கூடவே வந்தது.